கண்ணும் ஏடும்: வன்னியில் வாசிப்பு வந்த வழி

வன்னிப் பெருநிலத்தின் பழைய கிராமங்களில் வாசிப்பு என்பது நெடுங்காலம் ஒருவர் செய்ய, ஊரார் அனைவரும் பயன் பெற்ற காரியமாக இருந்தது. கோயில் மண்டபத்திலே விளக்கின் முன் ஏட்டை விரித்து ஒருவர் புராணச் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். அருகிலிருக்கும் மற்றொருவர் அதற்குப் பயன் சொல்லுவார். வயல்வேலை முடித்துக் குளத்திலே முழுகி வந்த கமக்காரரும் அவர்தம் மனைவி மக்களும் இருந்து கேட்பார்கள். கந்தபுராணமும் பெரியபுராணமும் திருவிளையாடற் புராணமும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே போலவே வன்னியிலும் தலைமுறை தலைமுறையாக இவ்வாறு படிக்கப்பட்டன; மார்கழியில் திருவாதவூரடிகள் புராணம் படிக்கப்பட்டது; வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கேற்றும் வழக்கமுடைய வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் சந்நிதியைச் சூழ்ந்த முல்லைத்தீவு ஊர்களிலே கண்ணகியின் சரித்திரம் பாட்டாகவும் கூத்தாகவும் வழங்கிற்று.

இந்த ஏற்பாட்டின் விளைவு ஒன்றை இக்காலத்தவராகிய நாம் ஊன்றி நோக்கவேண்டும். எழுத்தறியாதவன் அக்காலத்தில் அறிவறியாதவன் ஆகவில்லை. சூரபன்மன் வதைப்படலத்தை ஓர் எழுத்தும் வாசியாமலே ஆதியோடந்தமாகச் சொல்லவல்ல கிழவர்கள் ஊர்தோறும் இருந்தார்கள். விதைப்புக்கும் அருவி வெட்டுக்கும் நாள் பார்ப்பது, குளத்து நீரைப் பங்கிடுவது, காட்டிலே தேன் எடுப்பது ஆகிய எதற்கும் ஏடு வேண்டியிருக்கவில்லை. எழுத்துக்கள் கண்முன் கூடி நில்லாத ஒரு பிள்ளை அந்தச் சமூகத்தில் பிறந்திருந்தால், அதன் குறை அதற்கும் தெரியாது, ஊருக்கும் தெரியாது. நோய் என்று நாம் இன்று பேர் சொல்லும் சில குறைகள், அவற்றை வெளிப்படுத்தும் தேவை ஒரு சமூகத்தில் எழும் வரையில், புலப்படாமலே கிடக்கின்றன.

அந்த ஏடுதானும் எளிதில் வாசிக்கத்தக்கதன்று. பனையோலையிலே எழுத்தாணியாற் கீறும்போது புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்பதனால் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் கைவிடப்பட்டிருந்தது; எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வடிவிலே வேற்றுமையில்லை; ஆகாரத்தைக் காட்டும் காலும் ரகரமும் ஒன்றுபோலவே எழுதப்பட்டன. ஆகவே, கொம்பும் ககரமும் காலும் சேர்ந்த ஒரு கூட்டத்தைக் கண்டவன் அதனைக் கொ என்றோ கோ என்றோ, கெர என்றோ கேர என்றோ, கெர் என்றோ கேர் என்றோ, இடமும் பொருளும் நோக்கியே துணியவேண்டியிருந்தது. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இல்லை. அடியும் சீரும் பிரித்து எழுதப்படுவதில்லை. செய்யுளும் உரைபோல ஓலையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இடையறாது ஓடும். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும் உத்தமதானபுரம் வே. சாமிநாதையரும் இத்தகைய ஏடுகளோடு பட்ட பாட்டைத் தம் பதிப்புரைகளிலே எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் பெரும் புலவர்கள்; மொழியின் இலக்கணமும் யாப்பும் அவர்களுக்கு உதவின. கிராமத்துப் புராண வாசிப்பாளருக்கோ செவியும் ஞாபகமும் உதவின. செய்யுள் அவருக்குப் பெரும்பாலும் மனனமாயிருந்தது. கண் ஏட்டின்மேல் ஓடியபோது, ஏற்கெனவே நெஞ்சிலிருந்ததை நினைவூட்டிக்கொள்வதே ஏட்டின் உபயோகமாயிற்று.

பிள்ளைகள் எழுத்துக் கற்ற முறையும் இதற்கு இயைந்ததே. விஜயதசமியன்று ஏடு தொடக்குதல் நிகழும். தாம்பாளத்திற் பரப்பிய அரிசியிலே பிள்ளையின் விரலைப் பிடித்து முதலெழுத்தை எழுதுவிப்பார்கள். பின்பு சட்டம்பியாரின் திண்ணையிலே மணல் பரப்பி, எழுத்தைச் சத்தமிட்டுச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதி, அரிவரி முழுதையும் பிள்ளை தாண்டவேண்டும். பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் ஆய்தமும் இருநூற்றுப் பதினாறு உயிர்மெய்யும் ஆக 247 எழுத்து. விரலும் நாவும் செவியும் கண்ணும் ஒருங்கே தொழிற்படும் அந்த அப்பியாசம், எழுத்துக் கூடாத பிள்ளைகளுக்கு இன்று விசேட ஆசிரியர்கள் உலகெங்கும் கைக்கொள்ளும் முறைக்குப் பெரிதும் நெருங்கியது என்பதனை நான் மதிப்போடு குறிப்பிடுகின்றேன். ஆயினும் சட்டம்பியாரின் பிரம்பையும் மறந்துவிடலாகாது.

அச்சு வந்தபின் நிலைமை மாறிற்று. வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டிலே எகர ஏகார, ஒகர ஓகார வேற்றுமையை வடிவிற் காட்ட வழிசெய்தார். வண்ணார்பண்ணையில் 1848ஆம் ஆண்டு சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுகநாவலர், பின்பு தாமே அச்சுயந்திரமும் வைத்து, பாலபாடங்களை எளிய வசனத்தில் எழுதி, சந்தி பிரித்தும் குறியீடுகள் இட்டும் வெளியிட்டார். சமயத் தொண்டாகவே நாவலரை நாம் பெரிதும் நினைக்கின்றோம். வாசிப்பவனின் கண்ணுக்கு அவர் செய்த தொண்டும் அதற்குக் குறைந்ததன்று. சொற்களுக்கிடையே விடப்பட்ட வெளியும், வாக்கியம் முடியுமிடத்து நின்ற புள்ளியும், ஞாபகத்தின் துணையின்றிக் கண் தானே ஒரு பக்கத்தைக் கடந்து செல்வதற்கு வழி திறந்தன. ஒருவன் முன்பின் கேட்டறியாத விஷயத்தைத் தனியே இருந்து, வாய் திறவாமல் வாசித்து அறிவது அதன்பின்னரே சாமானியருக்குக் கைகூடிற்று.

குடாநாட்டிலே மிஷன் பாடசாலைகளும் சைவப் பாடசாலைகளும் போட்டியிட்டுப் பெருகிய அக்காலத்தில், வன்னி அவ்விரு தரப்பாரின் கவனத்துக்கும் எட்டாத் தூரத்திலே கிடந்தது. 1895இல் வெளியான ஜே. பி. லூயிஸ் என்பாரின் வன்னி மாவட்டக் கைந்நூல், உடைந்த குளங்களையும் குடி குறைந்த ஊர்களையும் காய்ச்சலையும் பற்றிப் பேசுகின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரணைமடுக் குளம் கட்டப்பட்டு, முப்பதுகளில் கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கி, 1946 முதல் டி.டி.ரீ. தெளிக்கப்பட்டு மலேரியா தணிந்தபின்னரே இப்பிரதேசத்திற் சனம் பெருகியது. 1945இல் கல்வி மந்திரியாயிருந்த கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் வந்தது. முத்தையன்கட்டிலும் விசுவமடுவிலும் படித்த வாலிபர் குடியேற்றப்பட்டார்கள். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் மலையகத் தோட்டங்களிலிருந்து உயிர்தப்பி வந்த குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிக் காடுகளிலே குடியமர்ந்தபோது, எழுத்தையே காணாத பிள்ளைகள் பலர் அவர்களோடு வந்தார்கள். அவர்களுக்காகப் பாலர் பள்ளிகளைத் திறந்த காந்தீயம் அமைப்பின் வைத்தியர் இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையிலே கொல்லப்பட்டார். வன்னியில் அரிவரி கற்பித்த சரித்திரத்தில் அப்பெயர் இடம்பெறாமற் போகலாகாது.

ஆக, மூன்று தலைமுறைக்குள் வன்னிப் பிள்ளை கோயில் மண்டபத்திலிருந்து ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சை மண்டபத்துக்கு வந்துவிட்டது. அங்கே வாசித்துச் சொல்ல ஒருவருமில்லை. ஒவ்வொரு பிள்ளையும் தன் தாளைத் தானே, குறித்த நேரத்துள், மௌனமாக வாசித்தாகவேண்டும். அதற்கு முன் புலப்படாதிருந்த பிள்ளை அங்கேதான் புலப்பட்டது. புலப்பட்ட கணத்திலேயே அதற்கு மொக்கு என்று பெயரும் வைக்கப்பட்டது. கதை சொன்னால் திருப்பிச் சொல்லும், கணக்கை மனத்திலே போடும், உழவு யந்திரத்தைப் பிரித்துப் பூட்டும்; புத்தகத்தை விரித்தால் மட்டும் வியர்க்கும். அத்தகைய பிள்ளைகள் மாடு மேய்க்கவும் மீன்வாடிக்கும் போனார்கள். வீட்டார் அதனை விதி என்றார்கள். ஆசிரியர் அதனைச் சோம்பல் என்றார்.

இத்தகைய ஒரு பிள்ளையைப் பற்றி 1896 நவம்பரில் இங்கிலாந்தின் சீஃபோர்ட் என்னும் கரையோரப் பட்டினத்து வைத்தியர் பிரிங்கிள் மோர்கன் ஒரு சிறு குறிப்பு எழுதினார். பதினான்கு வயதுச் சிறுவன், புத்திசாலி, விளையாட்டிலே சளைக்காதவன், எண்களை வாசிப்பான், கணக்குச் செய்வான், ஆனால் ஏழு வருஷம் கற்பித்தும் சாதாரணச் சொற்களை வாசிக்க வரவில்லை, தன் பெயரையே எழுத்து முறைமாற்றி எழுதினான். கல்வி முழுவதும் வாய்மொழியாக இருந்திருந்தால் பாடசாலையிலேயே இவன் முதல்வனாயிருப்பான் என்பது அவனுக்குக் கற்பித்த ஆசிரியரின் அபிப்பிராயம். அந்த ஆசிரியர் கற்பனை செய்த பாடசாலை, புராணபடனம் நிகழ்ந்த நம் கோயில் மண்டபங்களாக உண்மையிலே ஒரு காலம் இருந்தது என்று எண்ணும்போது மனம் நெகிழ்கின்றது. இக்குறைக்குப் பின்னர் வழங்கலான டிஸ்லெக்சியா என்னும் சொல்லை 1887ஆம் ஆண்டு நூலிலே கையாண்ட ஜெர்மானியராகிய ருடால்ஃப் பெர்லினும், இக்குறையைப் பலகாலம் ஆராய்ந்த கிளாஸ்கோ நகரத்து ஹின்ஷெல்வுட்டும் கண் வைத்தியர்கள். வாசிக்க வராத பிள்ளையைப் பெற்றோர் கண் வைத்தியரிடமே கொண்டுபோனார்கள். அதனால் பழி நெடுங்காலம் கண்ணின்மேல் நின்றது.

அதே காலத்திலே, வாசிக்கும் கண் எவ்வாறு அசைகின்றது என்ற கேள்வியும் எழுந்தது. வரியின்மேல் கண் வழுக்கிக்கொண்டு செல்வதாகவே நமக்குத் தோன்றுகின்றது. பாரிஸ் நகரத்தில் எமில் ழவாலின் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்தவர்கள் 1870களின் இறுதியிலிருந்து அவ்வாறன்று என்று காட்டினார்கள். அவர்களுள் லமார் என்பவர் மேலிமையின்மீது ஒரு மழுங்கிய முனையைப் பொருத்தி, அதிலிருந்து இரப்பர்க் குழாய்களைத் தம் இரு காதுகளுக்கும் கொண்டுவந்து, கண் பாயுந்தோறும் எழுந்த ஒலியைக் கேட்டு எண்ணினார். கண் ஓரிடத்திலே கால் வினாடியளவு தரிக்கின்றது, பின்பு பாய்கின்றது, பாயும்போது அது ஒன்றையும் வாசிப்பதில்லை. ஆங்கிலம் வாசிப்பவனின் கண் ஒரு பாய்ச்சலில் ஏழெட்டு எழுத்தைக் கடக்கின்றது; இடையிடையே பின்னோக்கியும் பாய்ந்து, விட்டதைத் தேடிக்கொள்கின்றது. தரித்த இடத்துக்கு வலப்புறத்தே பதினான்கு பதினைந்து எழுத்துவரை அது முன்னறிந்துகொள்கின்றது என்று மக்கொன்கியும் ரெய்னரும் 1975இல் பரிசோதித்துக் காட்டினார்கள். வரப்போகும் சொல்லை அவ்வாறு ஓரக்கண்ணால் முன்னுணர்வதே விரைவான வாசிப்பின் இரகசியம்.

எழுத்துக் கூடாத பிள்ளையின் கண்ணையும் அளந்தார்கள். அது அதிக நேரம் தரிக்கின்றது, சிறு சிறு பாய்ச்சலாய்ச் செல்கின்றது, அடிக்கடி பின்வாங்குகின்றது. கண்ணின் இந்தத் தடுமாற்றமே குறைக்குக் காரணம் என்று சிலர் துணிந்தார்கள். கண்ணுக்கு அப்பியாசம் கொடுத்தால் வாசிப்பு வந்துவிடும் என்று பணம் செலவிட்ட பெற்றோரும் உண்டு. 1980களில் நடந்த கவனமான பரிசோதனைகள் அவ்வெண்ணத்தைத் தளர்த்தின. எழுத்தில்லாத புள்ளிகளைப் பின்தொடரச் சொன்னால் இப்பிள்ளைகளுட் பெரும்பாலோரின் கண் மற்றப் பிள்ளைகளின் கண்போலவே ஒழுங்காகச் செல்கின்றது. கடினமான பாடத்தைக் கொடுத்தால் நன்றாய் வாசிக்கும் பிள்ளையின் கண்ணும் இவ்வாறே தடுமாறுகின்றது. மூலக்குறை பெரும்பாலும் எழுத்தை ஒலியோடு பிணைக்கும் இடத்தில் இருக்கின்றது. கண் அந்தப் பிணிப்புக்காகக் காத்து நிற்கின்றது. நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பிள்ளைகளுக்கு ஏதேனும் ஓரளவில் இக்குறை உண்டு என்று கணிக்கின்றார்கள்.

மற்றொரு நோயில் கதை வேறுவிதமாயிற்று. அமெரிக்காவின் மிடில்டவுன் நகரிலே மனநோய் வைத்தியசாலையில் பணிசெய்த டீஃபென்டார்ஃப் என்னும் வைத்தியரும், அவ்வூர்ச் சர்வகலாசாலையில் கண்ணசைவைப் படம்பிடிக்கும் சாதனம் அமைத்த ரேமண்ட் டாட்ஜும் சேர்ந்து 1908இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். இன்று மனச்சிதைவு எனப்படும் ஸ்கிட்சோஃப்ரீனியா நோயுடையோர், ஊசலாடும் ஒரு பொருளைக் கண்ணாற் பின்தொடரும்போது அது சீராகச் செல்லாமல் துண்டுதுண்டாகப் பாய்வதை அவர்கள் கண்டார்கள். இந்நோய்க்கான முதல் நவீன மருந்து 1952இல்தான் வந்தது. ஆகவே இந்தத் தடுமாற்றத்தை மருந்தின் விளைவென்று தள்ளிவிட இயலாது. அறுபத்தைந்து ஆண்டு ஏறக்குறைய மறக்கப்பட்டுக் கிடந்த இந்த உண்மையை 1973இல் பிலிப் ஹோல்ஸ்மன் மீண்டும் எடுத்துக்காட்டி, நோயற்ற நெருங்கிய உறவினர் பலரிடத்தும் அது காணப்படுவதை அடுத்து நிறுவினார்.

வாசிப்போடு இதனை இணைத்துப் பார்க்க இன்னும் முப்பது ஆண்டு சென்றது. மனச்சிதைவு பெரும்பாலும் பதினெட்டு, இருபது வயதளவில் தோன்றும். அதற்குள் ஒருவன் எழுத வாசிக்கக் கற்றிருப்பான். தனிச் சொற்களை அட்டையில் எழுதிக் காட்டினால் நோயாளி பிழையின்றி வாசித்துவிடுவான். நோய்க்குமுன் அவனுக்கிருந்த புத்தியை மதிப்பிடுவதற்கே வைத்தியர்கள் அந்தச் சொல்வாசிப்பை அளவுகோலாகக் கொண்டார்கள். அதனால் வாசிப்பு அழியவில்லை என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். நியூ யோர்க்கிலே ரெவ்ஹைம், ஜாவிற் முதலியோர் 2006இல் முழுப் பந்திகளை வாசிக்கக் கொடுத்துப் பார்த்தபோதுதான், வேகமும் பொருளுணர்வும் அவர்களது கல்விக்குரிய நிலையிலிருந்து வெகுவாக இறங்கியிருப்பது தெரிந்தது. மொன்றியாலில் வைற்ஃபோர்டும் அவர் கூட்டத்தினரும் 2013இல், நோயாளியின் கண் ஒரு தரிப்பில் முன்னறியும் எழுத்துக்கள் குறைந்திருப்பதையும், அக்குறைவு கண்ணசைவை அடக்கியாளும் ஆற்றலோடும் எழுத்தொலியைக் கையாளும் ஆற்றலோடும் தொடர்புற்றிருப்பதையும் காட்டினார்கள். இரண்டு நோய்களும் ஒன்றென்பது இதன் பொருளன்று. எழுத்துக் கூடாத பிள்ளை பின்னாளில் மனநோயாளியாகும் என்று எவரும் அஞ்சவேண்டுவதில்லை. இருவேறு வழியால் வந்த இருவர் வாசிப்பு என்னும் ஒரே படியிலே இடறுகிறார்கள். பிள்ளைக்கு அந்தப் படி ஏற வராதது, இளைஞனுக்கு ஏறியபின் நழுவியது.

நம் எழுத்துக்கும் இதிலே தனிப் பங்குண்டு. கெ, கே, கை என்பவற்றில் பின்னால் ஒலிக்கும் உயிரின் குறி முன்னால் நிற்கின்றது. கொ, கோ என்பவற்றில் அது இருபுறமும் சூழ்ந்து நிற்கின்றது. கண் சந்திக்கும் வரிசை வேறு, செவி கேட்கும் வரிசை வேறு. கன்னடம் கற்கும் குழந்தைகளை ஆராய்ந்த சோனாலி நாக், உயிர்மெய்த் தொகுதி முழுதும் வசப்படுவதற்கு நாலாம் ஐந்தாம் வகுப்பு ஆகிவிடுகின்றது என்று காட்டினார். தமிழிலும் ஆங்கில அளவைக் கொண்டு அவசரப்பட்டுப் பிள்ளையைக் குறையுடையதென்று முத்திரையிடுவது தவறு. நாலாம் வகுப்பு கடந்தும் அரிவரி கூடாத பிள்ளையை வளர்ந்தால் சரிவரும் என்று விட்டுவிடுவதும் தவறு. சென்னையிலே 1984இல் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமாகிய ஸ்கார்ஃபை மருத்துவர் சாரதா மேனனும், 1991இல் மதராஸ் டிஸ்லெக்சியா சங்கத்தை வேறு சிலரும் தொடங்கினார்கள். அவ்விரு துறையும் ஒரு மேசையில் இருந்து பேசவேண்டும் என்பது என் விருப்பம்.

வன்னியில் மனநோயாளியின் சரித்திரம் பிள்ளையின் சரித்திரத்திலும் துயரமானது. விசர் என்று ஊர் சொல்லிற்று. பேய் என்று பூசாரி சொன்னார். பார்வை பார்த்து நூல் கட்டினார்கள். தணியாதபோது, 1873ஆம் ஆண்டுச் சித்தசுவாதீனமற்றோர் கட்டளைச் சட்டத்தின் வழி, கொழும்புக்கு அனுப்பினார்கள். 1920களில் கட்டப்பட்ட அங்கொடை வைத்தியசாலை மொழியாலும் தூரத்தாலும் வன்னிக் குடும்பங்களுக்கு அந்நிய தேசம். தெல்லிப்பழையில் மனநோய்ப் பிரிவு ஏற்பட்டபின் அத்தூரம் குறைந்தது. யாழ்ப்பாணத்து மனநோய் மருத்துவர் தயா சோமசுந்தரம் ‘மனவடு’ முதலிய நூல்களால், யுத்தம் மனங்களிற் செய்த சேதத்தைத் தமிழிலேயே விளக்கினார். சுனாமிக்குப்பின் 2005இல் வந்த தேசிய மனநலக் கொள்கை சிகிச்சையை மாவட்டந்தோறும் கொண்டுசெல்ல வழிவகுத்தது. நோயாளி உறங்கினானா, உண்டானா, குரல் கேட்கின்றதா என்று கேட்டார்கள். முன்போல வாசிக்க முடிகின்றதா என்ற கேள்வியும் அவற்றோடு சேரவேண்டியது. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது நோய்ப்பட்ட இளைஞன் புத்தகத்தை மூடிவைத்ததை வீட்டார் வெறுப்பென்றும் பிடிவாதமென்றும் கருதியிருப்பார்கள். வரியின்மேல் அவன் கண் நில்லாதிருந்திருக்கலாம் என்று எண்ணிப்பார்க்க அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இவற்றின்மேல் யுத்தம் வந்தது. 1995இல் குடாநாட்டிலிருந்து பெருந்தொகையானோர் வன்னிக்குள் வந்து சேர்ந்தார்கள். மரநிழலிலும் ஓலைக் கொட்டிலிலும் வகுப்புகள் நடந்தன. 2008 இறுதியிலிருந்து பள்ளிக்கூடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, ஆசிரியரும் மாணாக்கரும் ஊரூராய்ப் பெயர்ந்து முள்ளிவாய்க்கால்வரை சென்றார்கள். பின்பு வவுனியா செட்டிகுளத்து மெனிக்பாம் முகாம்களிலே கூடாரப் பள்ளிகள் நடந்தன. அம்முகாம்கள் 2012 செப்டெம்பரிலேதான் முற்றாக மூடப்பட்டன. அந்த ஆண்டுகளில் வாசிக்கத் தவறிய ஒரு பிள்ளையின் குறைக்குக் காரணம் பள்ளியிழப்பா, கண்முன் கண்ட மரணமா, செல்லடியாற் கேட்டல் மந்தமானதா, கண்ணாடி வேண்டியிருந்ததா, பிறவியிலேயே எழுத்தும் ஒலியும் பிணையாமையா என்று பிரித்தறிவது பெரும் பொறுமை வேண்டிய காரியம். யுத்தம் என்ற ஒரே விடையால் எல்லாவற்றையும் மூடிவிட்டால், யுத்தமில்லாவிடினும் இடறியிருக்கக்கூடிய பிள்ளை மறுபடியும் கண்ணுக்கு மறைந்துவிடும்.

பிரித்தறியும் வேலையை வகுப்பாசிரியரே தொடங்கலாம். பிள்ளை வாசிக்கத் திணறிய பந்தியை ஆசிரியர் தாமே வாசித்துக்காட்டிப் பொருளைக் கேட்கட்டும். கேட்டதைப் பிள்ளை சரியாகச் சொல்லுமாயின், குறை புத்தியிலன்று, எழுத்தின் வாசலில் என்பது அப்போதே தெரியும். விட்டுப்போன வகுப்புகளின் பாடத்தைச் சில மாதம் ஒழுங்காகக் கற்பித்தபின் ஒரு பிள்ளை விரைந்து முன்னேறி, மற்றொரு பிள்ளை அதே எழுத்திலேயே நின்றால், இரண்டாவது பிள்ளைக்கு விசேட ஆசிரியர் வேண்டும். மணலில் எழுதி, வாய்விட்டுச் சொல்லி, ஒலியைத் துண்டுதுண்டாகப் பிரித்துக் காட்டும் பொறுமையுடையவர் வேண்டும். மனநோய்ச் சிகிச்சை நிலையத்திலோ, நோயாளியிடம் மருந்துத் துண்டைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுவதோடு நில்லாமல், எந்த மருந்தை எப்போது எடுக்கவேண்டும் என்று அவர் வாயாற் சொல்லக் கேட்கவேண்டும். சொற்களை வாசித்துப் பொருளைத் தவறவிடுவாராயின், பெரிய எழுத்திலே, வரிக்கு நாலு சொல்லாக, அதனை மறுபடியும் எழுதிக் கொடுக்கவேண்டும்.